பீட்டா எச்.சி.ஜி

கர்ப்பத்தை உறுதிசெய்ய மருத்துவர் எழுதித் தரும் ரத்தப் பரிசோதனை இது. எச்.சி.ஜி என்ற ஹார்மோனை அளக்கிறது. அதன் முழுப்பெயர் ஹியூமன் கோரியானிக் கொனடோட்ரோபின். 'கோரியான்' என்பது கருவைச் சூழ்ந்த சவ்வுக்கான கிரேக்கப் பெயர். 'கொனாட்' சூலகம், விந்தகம் இரண்டுக்கும் பொது. தமிழில் 'கருச்சவ்வு இனச்சுரப்பி ஊக்கி' எனலாம். 'பாற்சுரப்பி ஊக்கி' ('பால்' இங்கே ஆண்பால், பெண்பால்) சுருக்கமாக இருக்கும்தான். ஆனால் தாய்ப்பால் நினைவு வந்துவிடும்!

பெயரின் பின்பாதி ஓர் எலிச் சோதனையை ஒட்டியது. 1920களின் இறுதியில் பெர்லினில் ஆஷ்ஹைம், ட்சோண்டெக் என்ற இரு மருத்துவர்கள் கர்ப்பிணிகளின் சிறுநீரைப் பருவமடையாத பெண் எலிகளுக்கு ஊசியில் ஏற்றினார்கள்; எலிகளின் சூலகம் முதிர்ந்தது. முன்பாதிதான் இன்று போதவில்லை. முத்துப்பிள்ளைக் கர்ப்பத்திலும் (கரு சரியாக உருவாகாமல் நஞ்சுத் திசு கொத்துக்கொத்தாகப் பெருகும் கோளாறு), சில விந்தகப் புற்றுநோய்களிலும்கூட இந்த ஹார்மோன் சுரக்கிறது. கருவே இல்லாத ஆணுக்கும் இந்தப் பரிசோதனை எழுதப்படுவது அதனால்தான்.

'பீட்டா' எங்கிருந்து வந்தது? இந்த ஹார்மோனில் இரண்டு புரதச் சங்கிலிகள். ஆல்ஃபா, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனிலும் இருப்பதே. பீட்டாதான் இதன் தனி அடையாளம். 1972இல் அமெரிக்காவில் வைட்டுகைட்டிஸ், பிரான்ஸ்டைன், ராஸ் மூவரும் பீட்டாவைக் குறிவைத்து அளக்கும் முறையை வெளியிட்டார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்காக அறிக்கையில் உள்ள எண் பீட்டாவின் அளவு மட்டும் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான பரிசோதனைகள் முழு ஹார்மோனையும் தனித்துத் திரியும் பீட்டாவையும் சேர்த்தே எண்ணுகின்றன.

ரத்தத்தில் இவை தவிர வெட்டுப்பட்ட வடிவங்களும், சர்க்கரை மிகுந்த வடிவமும் உண்டு. எந்த வடிவத்தை எவ்வளவு பிடிப்பது என்பது ஒவ்வொரு நிறுவனத்தின் பரிசோதனையிலும் உள்ள எதிர்ப்பொருளை, அதாவது ஹார்மோனைப் பற்றிப் பிடிக்கும் புரதத்தைப் பொறுத்தது. ஒரே ரத்தத்தை இரண்டு ஆய்வகங்களில் கொடுத்தால் இரண்டு எண் வரலாம், இரண்டுமே தவறில்லை. இயல்பான கர்ப்பத்தில் பெரிய சிக்கல் இல்லை. புற்றுநோய்க் கட்டிகளோ இந்தத் துண்டு வடிவங்களைக் கூடுதலாகச் சுரக்கக்கூடும். எனவே சிகிச்சைக்குப் பின் அளவு இறங்குகிறதா என்று பார்ப்பவர் இடையில் ஆய்வகத்தை மாற்றாமலிருப்பது நல்லது.

அளவு மிதமிஞ்சிப் போனாலும் கோளாறுதான்: எதிர்ப்பொருள்கள் திணறி, எண் பொய்யாகக் குறைந்து வரும். முத்துப்பிள்ளைக் கர்ப்பத்தில் இப்படி நேர்வதுண்டு; ரத்த மாதிரியை நீர்க்கச் செய்து மறுபடி அளந்தால் உண்மை தெரியும். மறுபக்கம், ஹார்மோனே இல்லாதபோதும், நோயாளியின் ரத்தத்திலுள்ள வேறு எதிர்ப்பொருள்கள் குறுக்கிட்டு 'இருக்கிறது' என்று காட்டிவிடலாம். அவை சிறுநீருக்குள் இறங்குவதில்லை. ரத்தத்தில் கணிசமான அளவு காட்டி, சிறுநீரில் ஒன்றும் இல்லையென்றால், சிகிச்சையைத் தொடங்குமுன் பரிசோதனையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.