புதிதாக வாங்கிய விமானமும் வீடு திரும்பும் அவசரமும்

நான் விமானப் பயிற்றுநர். என் மாணவர் ஒருவர் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்கே இருக்கும் ஸ்போகேனில் செஸ்னா 172 என்ற பழைய சிறு விமானத்தை வாங்கினார். மலைத்தொடரைத் தாண்டி, சியாட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் ரென்டனுக்கு ஓட்டி வர வேண்டும். உடன் பயிற்றுநர் இருந்தே ஆக வேண்டும் என்று காப்பீட்டு நிறுவனம் சொல்லிவிட்டதால் நானும் ஏறினேன். நவம்பர் மாதம்.

கிளீ எலம் ஊருக்கு மேலே வரும்போது மேகம் மலைமுகடுகளில் படிந்து கிடந்தது. கீழே ஐ-90 சாலையில் பட்டப்பகலில் எல்லாக் கார்களும் விளக்கைப் போட்டுக்கொண்டு போயின. அந்தச் சாலை ஸ்னோகுவால்மி கணவாயை 3,022 அடி உயரத்தில் கடக்கிறது. "ரோட்டைப் பிடிச்சுக்கிட்டே போயிடலாம் சார், முக்கால் மணி நேரம்தானே" என்றார்.

அப்போதே எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. கார்புரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் கார்ப் ஹீட் குமிழை இழுத்தேன். எஞ்சின் இருமியது, இன்னும் இறங்கியது, பிறகு தானாக ஏறியது. கார்புரேட்டரில் பனிக்கட்டி. பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே வெப்பம் சட்டென்று விழுவதால், ஈரக்காற்றில் வெளியே 20 டிகிரி செல்சியஸ் இருந்தாலும் இது நடக்கும். தன் விமானத்தைப் பல வருடம் ஓட்டியவர் அந்தச் சத்தத்தை உடனே பிடித்துவிடுவார். அன்று வாங்கியவருக்கு எது இயல்பு, எது கோளாறு என்றே தெரியாது.

நான் மேகத்துக்குள் ஓட்டத் தகுதி பெற்றவன்தான். ஆனால் இந்த விமானத்தில் 24 மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிய உயரமானிச் சோதனை காலாவதியாகியிருந்தது; அது இல்லாமல் மேகத்துக்குள் ஓட்டக் கூடாது. இறக்கையில் உறைபனி படிந்தால் அகற்றும் வசதியும் இல்லை. பயிற்சியில்லாதவர் மேகத்துக்குள் போனால் காதின் சமநிலை உணர்வே ஏமாற்றும். சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால் கொஞ்ச நேரத்தில் நேராகப் போவதாகத் தோன்றும். 1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகம் அப்படிப்பட்ட 20 பேரைச் சோதித்தபோது கட்டுப்பாட்டை இழக்கச் சராசரியாக 178 விநாடிகளே ஆயின.

எங்கே திரும்புவது என்பதை ஸ்போகேனிலேயே பேசி, காகிதத்தில் எழுதி வைத்திருந்தோம்: கணவாய்க்கு மேல் 2,000 அடியாவது தெளிவாக இல்லையென்றால், மலைக்கு இந்தப் பக்கமே இருக்கும் எல்லென்ஸ்பர்க் விமான நிலையம். பணம் கொடுத்து, சாவி வாங்கி, வீட்டில் எல்லோரும் காத்திருக்கும் மனநிலையில் வானத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். வாங்காத ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

எழுதி வைத்தபடியே எல்லென்ஸ்பர்க்குக்குத் திரும்பினோம். மாணவருக்கு வருத்தம்தான். இறங்கியதும் பெட்ரோல் டேங்குகளுக்குள் அளவுகோலை விட்டுப் பார்த்தோம். இடது பக்க டேங்கின் பெட்ரோல் கேஜ் இன்னும் கிட்டத்தட்ட நிறைந்ததாகவே காட்டியது. கோலில் பாதிக்குச் சற்று மேல்தான் நனைந்திருந்தது.