‘இரட்டைச் செயல்’ அல்ல, விசையேற்று

போன மாதம் எங்கள் ரைபிள் கிளப்பில் ஒரு தம்பி பழைய .32 ரிவால்வரை வைத்துப் பயிற்சி செய்துகொண்டிருந்தார். விசையை இழுத்தார். ‘டிக்’ என்றது, வெடிக்கவில்லை. ஒரு கணம்கூடப் பொறுக்காமல் மறுபடி இழுத்தார். அடுத்த தோட்டா வெடித்தது. திரும்பவும் ஒரு ‘டிக்’, திரும்பவும் உடனே ஓர் இழுப்பு. ‘நிறுத்துங்க, குழல் இலக்கைப் பார்த்தே இருக்கட்டும்’ என்று சத்தம் போட்டுவிட்டு அருகில் போனேன். ஏன் இப்படி அவசரமாக இழுக்கிறீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இது: ‘இது இரட்டைச் செயல் துப்பாக்கிதானே சார், ரெண்டு தடவை இழுத்தாத்தானே வெடிக்கும்?’

தம்பி மேல் தப்பில்லை. யாரோ மொழிபெயர்த்து அச்சடித்த நாலு பக்கப் பராமரிப்புக் கையேட்டை அவர் கவனமாகப் படித்திருக்கிறார். அதில் ‘டபுள் ஆக்‌ஷன்’ வரும் இடமெல்லாம் ‘இரட்டைச் செயல்’ என்று போட்டிருக்கிறது. தமிழ் தெரிந்த யாரும் அதை ‘இரண்டு முறை செய்வது’ என்றுதான் படிப்பார்கள். இன்னொருவர் அதை இரட்டைக்குழல் துப்பாக்கியின் உறவு என்று நினைத்திருந்தார். இந்தச் சொல்லை டப்பிங் படங்களிலும் செய்திகளிலும் பல வருடமாகக் கேட்டுச் சகித்துக்கொண்டிருந்தேன். சுடும் இடத்தில் ஒருவர் அதை நம்பி நடந்ததைப் பார்த்த பிறகு சகிக்க முடியவில்லை.

பொருளைச் சொல்லிவிடுகிறேன். ரிவால்வர் சுட இரண்டு காரியம் நடக்க வேண்டும். குதிரை, அதாவது தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் உறுப்பு, பின்னால் ஏற வேண்டும். ஏறிய குதிரை விடுபட்டு முன்னால் அடிக்க வேண்டும். சிங்கிள் ஆக்‌ஷன் என்ற வகையில் கட்டைவிரலால் நாம் குதிரையை ஏற்றுகிறோம், விசை அதை விடுவிக்க மட்டும் செய்கிறது. 1873இல் வந்த ‘கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி’ என்ற ரிவால்வர் இந்த வகை. டபுள் ஆக்‌ஷனில் ஒரே இழுப்பில் விசையே குதிரையை ஏற்றி, விடுவித்தும் விடுகிறது. இழுப்பு ஒன்றுதான், வேலைதான் இரண்டு.

வரலாறும் சிறியதுதான். சாமுவேல் கோல்ட் 1836இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற ரிவால்வரில் குதிரையைக் கையால்தான் ஏற்ற வேண்டும். 1851இல் லண்டனில் ராபர்ட் ஆடம்ஸ் கொண்டுவந்தது நேர் எதிர்: விசையால் மட்டுமே ஏறும், கையால் ஏற்ற வழியில்லை. 1850களின் நடுவில் பியூமாண்ட் என்ற பிரிட்டிஷ் படை அதிகாரி இரண்டையும் ஒன்றில் சேர்த்தார். ‘டபுள்’ என்பது விசையின் இரண்டு வேலையையா, சுடும் இரண்டு வழியையா என்ற குழப்பம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. பிற்காலத்தில் குதிரையில் கட்டைவிரல் வைக்கும் வால் வெட்டப்பட்டு, கையால் ஏற்றவே முடியாத ரிவால்வர்கள் வந்தன. 1938இல் பிரிட்டிஷ் ராணுவம் மாற்றியமைத்த என்ஃபீல்டு ரிவால்வர் அப்படிப்பட்டது. அதையும் டபுள் ஆக்‌ஷன் என்றே அழைக்கிறார்கள். சுடும் வழி ஒன்றுதான் இருந்தும் ‘டபுள்’ என்றால், அந்த ‘டபுள்’ விசையின் இரண்டு வேலையைத்தான் குறிக்க முடியும்.

இப்போது ‘இரட்டைச் செயல்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். முதல் குற்றம், ‘இரட்டை’ என்றால் தமிழில் ஒரே மாதிரி இரண்டு. இரட்டைக் குழந்தை, இரட்டைக் கிளவி, இரட்டை மாட்டு வண்டி. ஏற்றுவதும் விடுவிப்பதும் ஒரே மாதிரி வேலைகள் அல்ல, ஒன்றுக்கொன்று எதிர். இரண்டாவது குற்றம், துப்பாக்கிப் பேச்சில் ‘ஆக்‌ஷன்’ என்பது பல இடங்களில் உள்ளிருக்கும் பொறியமைப்பின் பெயர். போல்ட் ஆக்‌ஷன், லீவர் ஆக்‌ஷன் என்பதெல்லாம் அப்படித்தான். அதைச் ‘செயல்’ என்றதும் பொறி மறைந்துபோய், சுடுபவர் செய்ய வேண்டிய ஏதோ ஒன்றாகிவிடுகிறது. தம்பி ரெண்டு தடவை இழுத்தது அதனால்தான்.

‘இருவினை ரிவால்வர்’ என்று ஒரு நண்பர் முன்மொழிந்தார். எண்ணிக்கை சரி, ‘வினை’யும் நல்ல சொல். ஆனால் ‘இருள்சேர் இருவினையும் சேரா’ என்று குறள் படித்த காதில் இருவினை என்றால் நல்வினையும் தீவினையும்தான் விழும். அந்தச் சொல் இரண்டாயிரம் ஆண்டுப் பாரம் சுமந்து நிற்கிறது, அதன் மேல் ஒரு துப்பாக்கியையும் ஏற்றக் கூடாது. ‘ஈரியக்க’ என்று இன்னொருவர் சொன்னார். இலக்கணம் பிழையில்லை, கேட்பவருக்கு ஒன்றும் புரியாது.

என் சொல் ‘விசையேற்று’. விசையால் குதிரையை ஏற்றுவது விசையேற்று ரிவால்வர். கையால் ஏற்றுவது கையேற்று. இரண்டு வழியிலும் ஏற்றக்கூடியது இருவழியேற்று. ஆங்கிலம் ஒரே ‘டபுள்’ஐப் போட்டுக் குழப்பும் இடத்தில் நமக்கு மூன்று தெளிவான சொற்கள் கிடைக்கின்றன. எண்ணைச் சொல்லாமல் நடப்பதைச் சொல்கிறது. ‘விசை என்றால் ஆற்றல் என்றும் பொருள் வருமே’ என்பவர்களுக்கு: ‘துப்பாக்கியின் விசையை அழுத்தினார்’ என்று படிக்கும் யாரும் அங்கே ஆற்றலை நினைப்பதில்லை.

‘ஏற்று’ நான் கண்டுபிடித்த சொல்லும் அல்ல. நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் ‘குதிரையை ஏத்திட்டான்’ என்றுதான் பேசினார்கள். வீணையில் நரம்பைத் தாங்கும் பகுதிக்கும் துப்பாக்கியில் அடிக்கும் உறுப்புக்கும் குதிரை என்ற பெயர் நம்மிடம் பழையது. துப்பாக்கி என்ற சொல் துருக்கியிலிருந்து வந்திருக்கலாம், அதன் குதிரை நம்முடையது. இந்தக் கையேடோ அதைச் ‘சுத்தியல்’ என்கிறது. ‘சுத்தியலைப் பின்னுக்கு இழுத்துப் பரிசோதிக்கவும்’ என்ற வரியைப் படித்துவிட்டு ஒருவர் கருவிப்பெட்டியைத் தேடினால் அவரைக் குறை சொல்ல முடியாது.

சரியான சொல் இருந்தால் பழுதைக் கண்டுபிடிப்பதும் எளிது. அந்த ரிவால்வரைக் காலி செய்து, தோட்டா போடும் உருளையின் ஆறு அறையும் காலி என்று இரண்டு பேர் பார்த்தோம். வெடிக்காத தோட்டாக்களின் அடியில், ஊசி அடித்து மருந்தைப் பற்றவைக்கும் கேப்பில், ஊசி பட்ட குழி ஆழமே இல்லை, நகத்தால் கீறினது போல இருந்தது. ஆர்மரர், அதாவது துப்பாக்கிகளைப் பழுதுபார்ப்பவர், ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: ‘கையேற்றில் வெடிக்குதா, விசையேற்றில் மட்டும் வெடிக்கலையா?’ பெரும்பாலான ரிவால்வர்களில் விசையால் ஏறும்போது குதிரை கையால் ஏற்றிய அளவுக்குப் பின்னால் போவதில்லை. அதனால் அடி கொஞ்சம் லேசாக விழும். குதிரையை முன்னால் தள்ளும் மெயின் ஸ்பிரிங் தளர்ந்தால் முதலில் விசையேற்றில்தான் தெரியும். கைப்பிடியின் முன்பக்கத்தில் அந்தத் தட்டை ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் திருகு முக்கால் சுற்று வெளியே வந்திருந்தது. இழுப்பு லேசாக இருக்கட்டும் என்று யாரோ தளர்த்தியிருக்கிறார்கள். ஆர்மரர் முழுக்க இறுக்கினார். பிறகு தோட்டாவைத் தள்ளும் நட்சத்திரத் தகட்டின் அடியில் ஒட்டியிருந்த எரியாத மருந்துத் துகள்களைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் எடுத்தார். மிளகுத் தூள் போல நாலைந்து துகள் போதும், உருளை சுழலாமல் இறுகிக்கொள்ள. ‘டபுள் ஆக்‌ஷன் கனமாயிடுச்சு’ என்று வரும் புகாரில் பாதி இந்தத் துகள்தான் என்றார்.

கையேட்டின் மற்ற பக்கங்கள் இதைவிட மோசம். வெடிக்காமல் போன தோட்டாவை ‘தவறிச் சுடுதல்’ என்று எழுதியிருக்கிறார்கள். தமிழில் துப்பாக்கி தவறிச் சுட்டது என்றால், சுட நினைக்காதபோது சுட்டது என்று பொருள். ஒன்றில் குண்டு போகவில்லை, மற்றதில் போகக் கூடாதபோது போய்விட்டது. விசையை இழுத்தபின் சற்றுத் தாமதித்து வெடிக்கும் ‘ஹேங் ஃபயர்’க்கு அவர்கள் வைத்த பெயர் ‘தொங்கு நெருப்பு’. ‘டிக்’ என்ற பிறகு குழலை இலக்குப் பக்கமே வைத்து 30 வினாடியாவது காத்திருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான். ரிவால்வரில் உடனே மறுபடி இழுத்தால் உருளை சுழன்று, அந்தத் தாமதத் தோட்டா குழலுக்கு நேராக இல்லாத இடத்தில் வெடிக்கலாம். தம்பி இரண்டு முறை அப்படி இழுத்தார்.

எனக்கு அதிகம் வலித்தது ‘குண்டு’. தோட்டா என்பது பித்தளைக் கூடும் மருந்தும் முனையும் சேர்ந்த முழுசு, குண்டு என்பது குழல் வழியே பறக்கும் முனை மட்டும். கையேட்டில் இரண்டுக்கும் ‘குண்டு’. ‘குண்டு சிக்கிக்கொண்டால்’ என்று வருகிறது. தோட்டா அறையில் சிக்கியிருந்தால் தொந்தரவு, அவ்வளவுதான். குண்டு குழலில் சிக்கியிருந்தால் அடுத்த முறை சுடும்போது குழல் வெடித்துக் கையைக் கிழிக்கலாம். எது சிக்கியது என்று அந்த வாக்கியத்தைப் படித்து யாரும் சொல்ல முடியாது. மொழிபெயர்த்தவர் ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஆர்மரர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் என்ன சொல் சொல்கிறார் என்று கேட்டிருக்கலாம். அகராதியில் சொல்லுக்குச் சொல் எடுத்து வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

கிளப் சுவரில் ஒட்டியிருந்த பிரதியைக் கழற்றி, ‘இரட்டைச் செயல்’ வந்த 11 இடத்திலும் ‘விசையேற்று’ என்று எழுதி, ‘சுத்தியல்’களை அடித்துக் ‘குதிரை’ ஆக்கியிருக்கிறேன். ‘தவறிச் சுடுதல்’ இருந்த பத்தியை முழுக்க அடித்துவிட்டு, ‘வெடிக்காவிட்டால் குழலைத் திருப்பாதே, 30 எண்ணு’ என்று பெரிதாக எழுதி ஒட்டியாயிற்று.