ராத்திரியில் எழுப்பும் முட்டி வலி

"உருவி விட்டா சரியாப் போயிரும்ல சார்?"

தங்கச்சிமடத்திலிருந்து பதினான்கு வயது மகனைக் கூட்டி வந்த அம்மா இப்படித்தான் கேட்டார். ராமநாதபுரத்தில் நான் பிசியோதெரபிஸ்ட். படகு தள்ளிய முட்டி, பாசி எடுக்கப் போய்ப் பாறையில் வழுக்கிய முட்டி என்று தினமும் பார்க்கிறேன். இவனுக்கும் அப்படித்தான் என்று இரண்டு மாதம் எண்ணெய் போட்டு உருவி, பச்சிலை வைத்துக் கட்டியிருந்தார்கள்.

முட்டிக்கு மேலே, தொடை எலும்போடு ஒட்டினாற்போல் வீக்கம். தொட்டால் சூடு.

"ராத்திரி தூங்குறானா?"

"எங்க சார், அழுதுக்கிட்டுல்ல கெடக்கான்."

நான் உருவவில்லை. எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேன். கட்டியில் துணுக்கு எடுத்துப் பார்த்த பயாப்சியில் ஆஸ்டியோசார்கோமா என்ற எலும்புப் புற்று என்று வந்தது.

வளரும் வயதில் வரும் எலும்புப் புற்றுகளில் இதுதான் அதிகம். பெரும்பாலும் முட்டியைச் சுற்றித்தான் வரும். அடிபட்டதால் வருவதில்லை. அடிபட்டபோதுதான் நம் கண்ணில் படுகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு வரும் 'வளர்ற வலி' வழக்கமாக இரண்டு காலிலும் இருக்கும், விடிந்தால் போய்விடும். ஒரே இடத்தில் நின்று, வாரக்கணக்கில் கூடிக்கொண்டே போகும் வலிக்கு எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். அதுவரை உருவக் கூடாது.

மதுரையில் கீமோ, அறுவை, மறுபடி கீமோ. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் கைகொடுத்தது. காலை எடுக்காமலே கட்டியை எடுத்தார்கள்.

இந்தப் புற்று ரத்தத்தோடு போய் முதலில் தங்குவது பெரும்பாலும் நுரையீரலில். மூளைக்குப் போவது அரிது. அதுவும் அநேகமாக நுரையீரலுக்குப் பிறகுதான். ஒன்றரை வருடம் கழித்து அவனுக்கும் நுரையீரலில் வந்தது. அதற்கும் வைத்தியம் நடந்தது. அப்புறம் ஒருநாள் வலை பின்னும்போது வலது கையிலிருந்து ஊசி நழுவி நழுவி விழுந்திருக்கிறது. விடிகாலையில் தலைவலி, வெறும் வயிற்றில் வாந்தி. வீட்டில் பித்தம் என்றார்கள். வலிப்பு வந்ததும் யாரோ மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். ராத்திரி ஓர் ஆஸ்பத்திரிக்கும் போனார்கள். பழைய நோயைப் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. வாந்திக்கு ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள்.

நான்கு நாள் கழித்து உடற்பயிற்சிக்கு என்னிடம் வந்தபோது கை தூக்க முடியவில்லை. அன்றே எம்ஆர்ஐக்கு அனுப்பினேன். மூளையில் ஒரே கட்டிதான். எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். கை திரும்பியது, எட்டு மாதம் எங்களோடு இருந்தான்.

அந்த நான்கு நாள் இன்னும் என் மனதை அறுக்கிறது. எலும்புப் புற்றுக்கு வைத்தியம் பார்த்த பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், பழைய ஃபைலை ஒரு பையில் போட்டு வாசல் பக்கம் மாட்டி வையுங்கள். தலைவலியோ வாந்தியோ வலிப்போ, எதற்காகப் போனாலும் டாக்டரிடம் முதல் வார்த்தையாக, "இவனுக்கு எலும்புல புத்து இருந்துச்சு" என்று சொல்லுங்கள்.