காலடியில் சூடு இருக்கிறது, வழிதான் இல்லை

நானும் உமையாளும் கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டில் இரண்டு நாள் தங்கினோம். காரைக்குடியில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். அவள் சிங்கப்பூருக்குப் போய் இருபது வருடம் ஆகிறது. ஊருக்கு வந்தால் கல்யாணம், காதுகுத்து, பங்காளி வீடு என்று ஓடிவிட்டு அப்படியே விமானம் ஏறிவிடுவாள். இந்த முறை, "ரெண்டு நாள் எனக்கு வேணும், யார்கிட்டயும் சொல்லாதே" என்று முன்னாலேயே சொல்லிவிட்டாள். எண்ணெய் தேய்த்துக்கொள்வது, வெந்நீரில் ஊறுவது, சாப்பிடுவது, தூங்குவது. திட்டம் அவ்வளவுதான்.

முதல் நாள் சாயங்காலம் இரண்டாங்கட்டு முற்றத்தில் ஒரு பித்தளை அண்டாவில் வெந்நீரை ஊற்றி, இருவரும் காலை விட்டு உட்கார்ந்திருந்தோம். மூலையில் செம்பு பாய்லர் சீமைக்கருவேல விறகில் புகைந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: "சிங்கப்பூர்ல செம்பவாங்னு ஒரு இடத்துல வெந்நீர் ஊற்று இருக்குடி. பூமிக்குள்ள இருந்து சும்மா வருது, 70 டிகிரி. முட்டை அவிக்கிறாங்க. நமக்கு மட்டும் ஏன் விறகு?"

கேள்வி நியாயமானது. ஆனால் கானாடுகாத்தானுக்கு அடியில் சூடு இல்லை என்று அவள் நினைத்தாள் பாருங்கள், அதுதான் தப்பு.

கிணற்றுத் தண்ணீர் மார்கழி விடியலில் வெதுவெதுப்பாகவும் சித்திரை மத்தியானத்தில் ஜில்லென்றும் இருப்பது எல்லோருக்கும் தெரியும். உண்மையில் கிணற்றின் சூடு மாறுவதே இல்லை, நம் உடம்பைச் சுற்றியுள்ள காற்றுதான் மாறுகிறது. பத்துப் பதினைந்து மீட்டர் ஆழத்துக்குப் போய்விட்டால் வெயிலும் பனியும் எட்டாது. அங்கே மண் அந்த ஊரின் வருடச் சராசரி வெப்பத்தில் நின்றுவிடும். நம் பக்கம் அது ஏறக்குறைய 28, 29 டிகிரி செல்சியஸ். அதற்குக் கீழே போகப் போகச் சூடு ஏறும். உலகச் சராசரி, கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி. தென்னிந்தியாவைப் போன்ற பழைய பாறை நிலங்களில் இதைவிடக் குறைவு. ஆயிரம் அடி போர் போட்டவர்கள் வீட்டில், மோட்டார் போட்டதும் தண்ணீர் இளஞ்சூடாக வருவதைக் கவனித்திருப்பீர்கள். குழாய் வெயிலில் கிடந்த சூடாக இருந்தால் ஒரு குடத்தோடு தீர்ந்துவிடும். பத்துக் குடம் பிடித்த பிறகும் அது மாறாது. ஆயிரம் அடிக்கு ஐந்து முதல் எட்டு டிகிரி கூடுதல் என்பதுதான் கணக்கு.

இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? ஒரு பங்கு, பூமி உருவான காலத்தில் உள்ளே அடைபட்டு இன்னும் ஆறாமல் இருப்பது. இன்னொரு பங்கு, பாறைக்குள் மிகச் சிறிய அளவில் கலந்திருக்கும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிரியக்கம். அவை சிதையச் சிதைய வெப்பம் வெளிப்படுகிறது. யுரேனியம்-238 பாதியாகக் குறையவே சுமார் 450 கோடி ஆண்டு ஆகும். அதனால் அடுப்பு அணைந்துவிடும் என்ற கவலை வேண்டாம். மேற்கு வங்கத்தில் பக்ரேஷ்வர் வெந்நீர் ஊற்றில் குமிழ் விட்டு வரும் வாயுவில் ஹீலியம் இருக்கிறது, பலூனில் அடைப்பார்களே, அதேதான். யுரேனியமும் தோரியமும் சிதையும்போது பிறக்கிற ஹீலியம் அது. அடியில் எரிகிற அடுப்பின் புகை என்றே சொல்லலாம்.

சரி, எவ்வளவு வெப்பம்? கண்டங்களில் ஒரு சதுர மீட்டர் தரை வழியாக மேலே கசிவது சராசரியாக 0.065 வாட். நாங்கள் உட்கார்ந்திருந்த முற்றம் ஏறக்குறைய நூறு சதுர மீட்டர் இருக்கும். அத்தனை பெரிய முற்றத்துக்கும் பூமி தருவது ஆறரை வாட், ஒரு சின்ன எல்இடி பல்புக்குத்தான் காணும். அதே முற்றத்தில் உச்சி வெயில் கொட்டுவது கிட்டத்தட்ட ஒரு லட்சம் வாட். பின்கட்டில் விருந்தாளிகளுக்காக ஒரு தேக்குத் தொட்டி வைத்திருந்தார்கள், முந்நூறு லிட்டர் பிடிக்கும். அதில் 30 டிகிரித் தண்ணீரை 40க்கு ஏற்ற மூன்றரை யூனிட் மின்சாரம் போதும். முற்றத்தின் பூமிச் சூட்டை ஒரு துளி சிந்தாமல் சேர்த்து ஏற்றினால் இருபத்திரண்டு நாள் ஆகும். உமையாளின் லீவே அவ்வளவு கிடையாது.

அப்படியானால் செம்பவாங்கில் மட்டும் எப்படி? அங்கே பூமி தண்ணீரைக் காய்ச்சிக்கொண்டிருக்கவில்லை. கல் ஏற்கனவே காய்ந்து கிடக்கிறது, தண்ணீர் அதனிடம் போய்ச் சூட்டை வாங்கி வருகிறது. வெப்பம் பாறை வழியாகக் கசிவது ஆமை வேகம். தண்ணீர் சுமந்து வந்தால் அதே வெப்பம் ஓட்டமாக வந்துவிடும். மேட்டில் பெய்யும் மழை வெடிப்புகளில் இறங்குகிறது. ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் ஆழத்துக்குப் போகிறது. அங்கே சூடேறினால் லேசாகிறது. 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 997 கிராம், 80 டிகிரியில் 972 கிராம்தான். பின்னால் மேட்டிலிருந்து இறங்கும் கனமான குளிர்ந்த நீர் தள்ள, லேசான வெந்நீர் வேறொரு பிளவு வழியாக மேலேறுகிறது. அந்தப் பிளவு அகலமாகவும் நேராகவும் இருக்க வேண்டும். வளைந்து நெளிந்து மெதுவாக வந்தால், வழியிலுள்ள பாறைக்கெல்லாம் சூட்டைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்து சேரும்.

எரிமலை இருந்தால்தான் வெந்நீர் ஊற்று என்று பலர் நினைக்கிறார்கள். சிங்கப்பூரில் எரிமலை ஏது? கருங்கல் பாறையும் அதில் ஆழமான பிளவும்தான் இருக்கின்றன. திருகோணமலைக்குப் பக்கத்தில் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உண்டு. தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் நிலத்தைக் குத்தியதில் பிறந்தவை என்பார்கள். இலங்கையிலும் இப்போது எரிமலை கிடையாது. ஒவ்வொரு கிணற்றிலும் சூடு கொஞ்சம் கொஞ்சம் வேறுபடும். எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருக்கும் கிணறுகளுக்குள் அந்த வித்தியாசம் ஏன்? ஒவ்வொன்றுக்கும் வந்து சேரும் வழியும், வழியில் கலக்கும் குளிர்ந்த நீரும் வேறு. இராவணன் குத்தினான் என்ற கதை பிளவைத்தான் சொல்கிறதோ என்று எனக்கு ஒரு ஆசை. இமாச்சலத்தில் மணிகரணில் இன்னும் சூடு. குருத்வாராவில் அரிசி, பருப்புப் பாத்திரங்களை ஊற்றிலேயே இறக்கி வேகவைக்கிறார்கள். இமயமலை இன்னும் எழும்பிக்கொண்டிருக்கிறது, அங்கே பிளவுகளுக்குப் பஞ்சமில்லை.

செட்டிநாட்டில் மழைநீரை ஆழத்துக்குத் தள்ளிவிட உயரமான மலை இல்லை. செம்மண், செம்புறாங்கல், அங்கங்கே பிள்ளையார்பட்டி போலக் குன்றுகள், மற்றபடி சமதரை. மழைநீர் ஆழத்துக்கு இறங்க அவசரப்படாமல் கண்மாய்க்கும் ஊரணிக்கும் போகிறது. கூரைத் தண்ணீரைக்கூட வீணாக்காமல் பிடித்த ஊர் இது. குளிக்கிற சூடு, 42 டிகிரி, நம் காலுக்கு அடியில் அரை கிலோமீட்டரிலிருந்து முக்கால் கிலோமீட்டருக்குள் கிடைத்துவிடும். தண்ணீர் அங்கே போய்விட்டு வேகமாகத் திரும்பத்தான் வழி இல்லை.

முட்டை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மஞ்சள் கரு 65 டிகிரியிலிருந்தே இறுக ஆரம்பிக்கும். வெள்ளைக் கருவின் முக்கியப் புரதம் இறுக 80க்கு மேல் வேண்டும். அதனால் 70 டிகிரி ஊற்று நீரில் போட்ட முட்டையில் மஞ்சள் கெட்டியாகவும் வெள்ளை கொழகொழவென்றும் இருக்கும். நம் வீட்டு அரைவேக்காட்டுக்கு நேர் தலைகீழ்.

இனி ஸ்பாக்காரர்கள் பேசும் 'தாதுச் சத்து'. வெந்நீர் பாறையைக் கரைத்துக்கொண்டுதான் வருகிறது. மேலே வந்ததும் அழுத்தம் குறைந்து கரியமில வாயு பிரிய, கரைந்திருந்த சுண்ணாம்பு வெள்ளையாகப் படிகிறது. செம்பு பாய்லரின் குழாய் வாயில் வீட்டுக்கார ஆச்சி புளி போட்டுத் தேய்த்தும் போகாத வெள்ளைப் பொருக்கு இருக்கிறதே, அதுவும் இதே சுண்ணாம்புதான். இங்கே வாயுவைத் துரத்துவது விறகுச் சூடு. அழுகிய முட்டை வாடை அடித்தால் அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. மற்றபடி நம் தோல் உப்புகளை அப்படி எளிதில் உள்ளே விடாது. ஊறியெழுந்ததும் வருகிற சுகத்தில் பெரும்பங்கு சூட்டுக்கும் தண்ணீரின் எடைக்கும் சேர வேண்டியது, தாதுவுக்கு அல்ல. என் கட்சி இது.

மறுநாள் அதைச் சோதித்தோம். எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு அலசிவிட்டு, தேக்குத் தொட்டி. உமையாள் கையோடு தெர்மாமீட்டர் கொண்டுவந்திருந்தாள். ஆச்சி முழங்கையை விட்டுப் பார்த்துவிட்டு, "சுடுது ஆத்தா, இன்னும் ரெண்டு குடம் பச்சைத்தண்ணி ஊத்து" என்றார். தெர்மாமீட்டரில் 43. தோலின் நரம்பு முனைகளில் டிஆர்பிவி1 என்று ஒரு புரதம் இருக்கிறது. அது சரியாக 43 டிகிரி வாக்கில் திறந்து, 'சுடுகிறது' என்று மூளைக்குச் சொல்லும். இதை 1997இல் கண்டுபிடித்தவர் அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸ். மிளகாயின் காரப்பொருளைத் தூண்டிலாகப் போட்டுத்தான் பிடித்தார், 2021இல் நோபல் பரிசும் பெற்றார். மிளகாய்க் காரமும் மிளகுக் காரமும் சூடும் ஒரே கதவைத்தான் தட்டுகின்றன. மத்தியானம் சாப்பிட்ட மிளகுக்கோழியும் ஆச்சியின் முழங்கையும் ஒரே புரதத்தின் வேலை.

இரண்டு குடம் ஊற்றிய பிறகு 40. கழுத்தளவு இறங்கினால் முதலில் தெரிவது உடம்பின் எடை போவது. அந்த ஆழத்தில் நம் எடையில் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். முட்டியும் முதுகும் வருடக்கணக்காகப் பார்க்காத விடுமுறை அது. அதே நேரம் தண்ணீர் நாலாபக்கமும் அழுத்தி, கால் கைகளிலிருந்து சுமார் 700 மில்லி ரத்தத்தை மார்புக்கு ஏற்றுகிறது. 'ரத்தம் அதிகமாகிவிட்டது போலிருக்கிறதே' என்று இதயம் ஏமாந்து, சிறுநீரகத்துக்கு நீரை வெளியேற்றும்படி ஹார்மோன் வழியாகச் சேதி அனுப்புகிறது. ஊறிக்கொண்டிருக்கும்போது பாத்ரூம் போகத் தோன்றுவது இதனால்தான். சூட்டில் தோலின் ரத்தக் குழாய்கள் விரிகின்றன, ரத்த அழுத்தம் இறங்குகிறது, நாடி கூடுகிறது.

காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கு மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அதோடு, முழுகியிருக்கும் தோலில் வியர்வை ஆவியாக முடியாது, முகத்தில் மட்டும்தான் ஆகும். உடம்புச் சூடு ஏறிக்கொண்டே போகும். பத்துப் பதினைந்து நிமிடம் போதும் என்று சொன்னேன், அவள் கேட்கவில்லை. அரை மணி கழித்துச் சட்டென்று எழுந்தாள். கண் இருட்டி, தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கொடுத்த அழுத்தம் ஒரே நொடியில் போய்விட்டது, விரிந்த குழாய்களில் ரத்தம் காலுக்கு இறங்கிவிட்டது, மூளைக்கு ஒரு கணம் பற்றாக்குறை. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் இதில் விளையாடக் கூடாது. இயற்கை ஊற்றுகளில் இன்னொன்று: தலையை முக்கக் கூடாது. மூளையைத் தின்னும் அமீபா என்கிறார்களே, அதற்கு வெதுவெதுப்பான நன்னீர் ரொம்பப் பிடிக்கும், மூக்கு வழியாகத்தான் உள்ளே போகும்.

உமையாளுக்கு உப்புப் போட்ட மோர் கொடுத்தோம். பிறகு பட்டாலையில் படுத்தவள் எட்டரைக்கே குறட்டை. விரிந்த குழாய்கள் கை, பாதம் வழியாகச் சூட்டை வெளியே கொட்ட, உடம்பின் உள்சூடு இறங்குகிறது. அந்த இறக்கம்தான் தூக்கத்துக்கு அழைப்பு. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த டெக்சாஸ் பல்கலைக்கழகக் குழு ஒன்று 2019இல் சொன்னது: படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு 40 முதல் 42.5 டிகிரி நீரில் குளித்தால் சராசரியாகப் பத்து நிமிடம் முன்னதாகத் தூக்கம் வருகிறது. எண்ணெய்க் குளியலன்று கண் சொக்கும் என்பது நமக்குப் புதுச் செய்தி இல்லை. பத்து நிமிடம் என்ற கணக்குத்தான் புதுசு.

மறுநாள் காலை கிளம்புவதற்கு முன், பின்கட்டு போரில் மோட்டார் போட்டு வாளி நிறையப் பிடித்துத் தெர்மாமீட்டரை விட்டோம். 34 டிகிரி. ஜப்பானில் 1948இல் வந்த வெந்நீர் ஊற்றுச் சட்டம் ஒன்று உண்டு. பூமியிலிருந்து வரும் நீர் 25 டிகிரிக்குக் குறையாமல் இருந்தாலே அது 'ஆன்சென்', அதாவது வெந்நீர் ஊற்று. தாது இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அந்தச் சட்டப்படி பார்த்தால் செட்டிநாட்டில் ஒவ்வொரு போரும் ஆன்சென்தான், ஊர்க் கிணறுகளும் தப்பாது.

இதை ஆச்சியிடம் சொன்னோம். வாளிக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "அப்ப போர்டுல எழுதிப் போட்டா வாடகையக் கூட்டலாமா?" என்றார்.