சிப்பி ஓட்டில் பிறந்த பந்து

"பேஸ்பாலில் பந்து தரையில் குத்துவதே இல்லை, அப்புறம் எப்படி அந்தரத்தில் திரும்புகிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அமெரிக்காவிலேயே ரொம்ப நாள், அது வளைவதே இல்லை, கண்ணின் ஏமாற்று என்று வாதிட்டவர்கள் உண்டு.

1845இல் நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் கிளப் விதிகளை எழுதிவைத்த காலத்தில், பிட்சரின் (பந்து வீசுபவரின்) வேலை மட்டைக்காரர் அடிக்கத் தோதாகக் கையைத் தாழ்த்திப் பந்தைப் போட்டுக்கொடுப்பதுதான். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின் ஆட்டம் ஊர் ஊராகப் பரவியது, 1869இல் சின்சினாட்டி அணி வெளிப்படையாகவே சம்பளம் கொடுத்து ஆட்களை வைத்தது, ஜெயிப்பது பிழைப்பானது. இதற்கு நடுவே 1863இல், புரூக்ளின் கடற்கரையில் சிப்பி ஓடுகளை வீசி விளையாடிய 14 வயதுப் பையன் கேண்டி கம்மிங்ஸ், ஓடு வளைகிறதே, பந்தை வளைத்தால் என்ன என்று யோசித்தானாம். 1867இல் ஹார்வர்டு அணிக்கு எதிராக அது பலித்தது. எல்லாம் அவரே பின்னாளில் சொன்ன கதை.

சரி, காற்றில் என்ன நடக்கிறது? பந்தின் மேல்பக்கம் முன்னோக்கி உருள்கிற மாதிரி சுழற்றி விடுகிறார்கள். மேலே எதிர்க்காற்றோடு முட்டுவதால் பந்தை ஒட்டிய காற்றுப்படலம் சீக்கிரமே பிய்ந்துவிடுகிறது. கீழே அது பந்தின் முதுகு வரை ஒட்டிக்கொண்டு போய் மேல்நோக்கிக் கழல்கிறது. பந்து காற்றை மேலே தள்ள, காற்று பந்தைக் கீழே தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிதான், பெயர் மேக்னஸ் விளைவு. நம் சுழற்பந்து வீச்சாளரின் பந்து திடீரென 'டிப்' ஆவதும் இதனால்தான்.

1959இல் லைமன் பிரிக்ஸ் என்ற ஓய்வுபெற்ற இயற்பியலாளர், எண்பது வயதைத் தாண்டியவர், காற்றுச் சுரங்கத்தில் பந்தைச் சுழலவிட்டு, அது எவ்வளவு வளைகிறது என்று அளந்தார்: அதிகபட்சம் 17.5 அங்குலம். விளையாட்டுப் பந்துக்கெல்லாம் ஆராய்ச்சியா என்று நிதிக்குழுக்கள் உதட்டைப் பிதுக்கும். எனக்கென்னவோ இதற்குத் தாராளமாகக் கொடுக்கலாம் என்றே படுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது இனிமேல்தான். விசை ஏறக்குறைய சீராக இருந்தால் விலகல் நேரத்தின் வர்க்கமாக வளரும். அரை விநாடிப் பயணத்தில் மொத்தம் 40 செ.மீ. வளைவு என்றால், முதல் பாதியில் 10 செ.மீ. மட்டும், மீதி 30ம் பந்து மட்டைக்காரரை நெருங்கும் இரண்டாம் பாதியில்தான். பந்து கடைசியில் சட்டென மடங்கி விழுந்ததாக அவர் சத்தியம் செய்வார். அது முதலிலிருந்தே ஒரே சீராகத்தான் வளைந்துகொண்டிருந்தது.