மாலை நாலரை மணி வெயிலும் பிள்ளையின் கண்ணும்

நகரத்தில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளையின் நாளை மணிவாரியாக எழுதிப் பாருங்கள். காலை ஏழரைக்கு வேன். எட்டரைக்கு வகுப்பு. இடைவேளை பத்து நிமிடம்; அதில் பாதி பாத்ரூம் வரிசையிலும் ஸ்நாக்ஸ் டப்பாவைத் திறந்து மூடுவதிலும் போய்விடும். மதியச் சாப்பாடு வகுப்பறை பெஞ்சிலேயே. பி.டி. பீரியட் வாரத்துக்கு இரண்டு. பரீட்சை நெருங்கினால் அதையும் கணக்கு டீச்சர் வாங்கிக்கொள்வார். நாலு மணிக்குப் பெல் அடித்து, வேன் தெருத் தெருவாகச் சுற்றி வீட்டு வாசலில் இறக்கிவிடும்போது ஐந்து. முகம் கழுவிப் பால் குடித்தால் ஐந்தரைக்கு டியூஷன். டிசம்பரில் சென்னையில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுகிறது. திறந்த வானத்தின் கீழே இந்தப் பிள்ளை நின்ற நேரத்தைக் கூட்டினால் அரை மணி தேறுவதே கஷ்டம்.

பிள்ளைகள் முன்போல வெளியே விளையாடுகிறார்களா என்று கேட்டால் பெரியவர்கள் ஏக்கத்தோடு பேசத் தொடங்குவார்கள். கில்லி போச்சு, பம்பரம் போச்சு, ஏழாங்கல் போச்சு. அந்த ஏக்கம் நியாயமானதுதான். ஆனால் கண் பரிசோதனை அறையில் இதே கேள்வி ஒரு காகிதத்தில் எண்ணாக வந்து நிற்கிறது. ஏழு வயதில் கண்ணாடி பவர் மைனஸ் ஒன்று, எட்டில் மைனஸ் ஒன்றே முக்கால், பத்தில் மைனஸ் மூன்று. வெளிவிளையாட்டு குறைந்ததற்கும் இந்த எண்களுக்கும் உள்ள தொடர்பு இன்று நன்றாக நிறுவப்பட்ட ஒன்று. பெற்றோரில் பெரும்பாலோருக்கு இது இன்னும் போய்ச் சேரவில்லை.

பிறந்த குழந்தையின் கண்பந்து முன்னிருந்து பின்னாக ஏறக்குறைய 17 மி.மீ. நீளம். வளர்ந்தவருக்குச் சுமார் 23.5 முதல் 24 மி.மீ. பார்க்கும் காட்சி விழித்திரை மேல் சரியாக விழும் இடத்தில் இந்த வளர்ச்சி நிற்க வேண்டும். அதைத் தாண்டி ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டால் சுமார் இரண்டரை முதல் மூன்று டயாப்டர் (கண்ணாடி பவரின் அலகு) வரை கிட்டப்பார்வை, அதாவது தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும் குறை, வந்துவிடும். நீண்ட கண்ணை மறுபடி குறுக்க வழி கிடையாது. கண்ணாடி காட்சியைத் தெளிவாக்கும், கண்ணின் நீளத்தை மாற்றாது. மைனஸ் ஆறைத் தாண்டியவர்களுக்குப் பிற்காலத்தில் விழித்திரை விலகல், கிளாக்கோமா (கண் அழுத்த நோய்), விழித்திரையின் நடுப்பகுதி தேய்வது ஆகிய ஆபத்துகள் கூடுகின்றன. வளர்ச்சி எப்போது நிற்க வேண்டும் என்பதற்கான சைகைகளில் ஒன்றைத் தருவது வெளிச்சம். பிரகாசமான ஒளி படும்போது விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. அது கண்ணின் நீள வளர்ச்சிக்குக் கடிவாளம் போடுகிறது.

எவ்வளவு வெளிச்சம் என்பதில்தான் பலரும் ஏமாந்து போகிறோம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் 20 வாட் எல்.இ.டி. டியூப் ஒன்று எரிந்தால் மேசை மேல் விழுவது 100, 150 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). நல்ல வகுப்பறையில் 300 முதல் 500. அதே நேரத்தில் வெளியே வேப்பமர நிழலில் 5,000 லக்ஸுக்கு மேல் இருக்கும். மூடாக்கான நாளிலும் சில ஆயிரம். உச்சி வெயிலில் ஒரு லட்சத்தைத் தொடும். நம் கண் தானாகவே பழகிக்கொள்வதால் அறை இருட்டாக இருப்பது நமக்கு உறைப்பதில்லை. மொபைலில் லக்ஸ் அளக்கும் செயலி ஒன்றை இறக்கி, முதலில் ஹாலில் பிடித்துப் பாருங்கள், பிறகு வாசல்படி தாண்டிப் பிடித்துப் பாருங்கள். மொபைல் காட்டும் எண் துல்லியமாக இருக்காது. ஆனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பத்து மடங்கா ஐம்பது மடங்கா என்பது கண்ணெதிரே தெரிந்துவிடும்.

இதைப் புரிந்துகொண்டால் எது கணக்கில் வரும், எது வராது என்பதும் புரியும். "நாங்கள் கிரிக்கெட் கோச்சிங் அனுப்புகிறோமே" என்று பல பெற்றோர் சொல்கிறார்கள். நேரம் கேட்டால் மாலை ஆறரை முதல் எட்டு, டர்ஃப் மைதானத்தில், ஃப்ளட்லைட்டின் கீழே. உடம்புக்கு அது மிக நல்லது, விட வேண்டாம். கண் கேட்கும் பகல் வெளிச்சக் கணக்கில் அது பூஜ்யம். உள்ளரங்க ஷட்டில், மால்களில் இருக்கும் விளையாட்டு அறை, அடுக்குமாடியின் தரைத்தள கார் பார்க்கிங்கில் ஆடும் பந்து எல்லாம் இதே வகை. கூரை போட்ட பார்க்கிங் பகலிலேயே மங்கலாகத்தான் இருக்கும். பத்து அடி தள்ளி, காம்பவுண்டு ஓரத்தில் வானம் தெரியும் இடத்தில் அதே பந்தை ஆடினால் கணக்கே மாறிவிடுகிறது. ஓடித்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. மரத்தடியில் உட்கார்ந்து கூழாங்கல் பொறுக்கினாலும், மண்ணில் சொப்பு வைத்து விளையாடினாலும், பாட்டியோடு கோயில் பிராகாரத்தைச் சுற்றினாலும் கண்ணுக்கு அந்த வெளிச்சம் கிடைக்கிறது.

அன்றைய பிள்ளைகளுக்கு யாரும் இதைத் திட்டமிட்டுத் தரவில்லை. பாண்டிக்குச் சுண்ணாம்புக்கட்டியால் தெருவில் எட்டுக் கட்டம் போட வேண்டும். பம்பரத்துக்கு வட்டம் கீற மண்தரை வேண்டும். காத்தாடிக்கு வானமே வேண்டும். எல்லாமே வீட்டுக்குள் ஆட முடியாத ஆட்டங்கள். நூல் முனையில் பட்டத்தையும் இருபது கெஜம் தள்ளி விழும் கில்லியையும் பார்த்துப் பார்த்துத் தூரப்பார்வைக்கும் வேலை கிடைத்தது.

ஆய்வுகளில் மிகவும் பேசப்படும் ஒப்பீடு சிட்னிக்கும் சிங்கப்பூருக்கும் இடையே நடந்தது. சீன வம்சாவளியைச் சேர்ந்த 6, 7 வயதுப் பிள்ளைகள்தான் இரண்டு ஊரிலும். சிட்னியில் கிட்டப்பார்வை 3.3 சதவீதம், சிங்கப்பூரில் 29.1 சதவீதம். சிட்னிப் பிள்ளைகள் வாரத்துக்குப் பதின்மூன்றே முக்கால் மணி நேரம் வெளியே இருந்தார்கள். சிங்கப்பூர்ப் பிள்ளைகள் மூன்று மணி நேரம். சீனாவின் குவாங்சௌ நகரில் பன்னிரண்டு தொடக்கப்பள்ளிகளை எடுத்து, அதில் ஆறில் மட்டும் தினமும் 40 நிமிட வெளிவகுப்பு ஒன்றைச் சேர்த்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அந்தப் பள்ளிகளில் 30.4 சதவீதம், மற்றவற்றில் 39.5. நாற்பது நிமிடத்துக்கே இந்தப் பலன். தைவான் 2010இல் பள்ளிகளில் தினம் 120 நிமிடம் வெளியே என்று ஒரு தேசியத் திட்டமே தொடங்கியது. பல ஆண்டுகளாக ஏறிக்கொண்டே போய் 2011இல் பாதிப் பிள்ளைகளை எட்டியிருந்த பார்வைக்குறைவு 2015இல் 46 சதவீதமாக இறங்கியது. மறுபக்கம், கொரோனாவால் வீட்டுக்குள் அடைந்த 2020இல் சீனாவின் ஷான்டோங் மாகாணத்தில் எடுத்த பள்ளிப் பரிசோதனையில் 6 வயதுப் பிள்ளைகளில் 21.5 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை அறிகுறி. அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் இது 5.7 சதவீதத்தைத் தாண்டியதே இல்லை.

ஆக, இலக்கு ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம். ஒரே மூச்சில் வேண்டியதில்லை, சில்லறையாகச் சேர்க்கலாம். பள்ளிக்கு நடந்தோ சைக்கிளிலோ போய்வந்தால் இருபது நிமிடம். காலை வழிபாட்டுக் கூட்டம் திறந்தவெளியில் நடந்தால் பதினைந்து. இரண்டு இடைவேளைக்கும் வகுப்பைவிட்டு வெளியே வந்தால் இருபது. மதியம் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டால் இருபது. மாலையில் நாற்பத்தைந்து நிமிடம் விளையாடினால் கூட்டிப் பாருங்கள், சரியாக 120. இதில் மாலை நேரம்தான் வீட்டின் கையில் இருக்கிறது. டியூஷனை ஐந்தரையிலிருந்து ஆறரைக்குத் தள்ளி வையுங்கள். புத்தகம் இரவு எட்டு மணிக்கும் இருக்கும், சூரியன் இருக்காது. வார நாளில் குறைந்ததை ஞாயிறு காலையில் கொஞ்சம் ஈடுகட்டலாம்.

நம் ஊர் வெயிலைப் பற்றிய பயம் வீண் பயம் இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் பதினொன்று முதல் மூன்றரை வரை பிள்ளைகளை வெளியே விட வேண்டாம். காலை ஆறேகாலிலிருந்து எட்டு வரையும், மாலை நாலரையிலிருந்து இருட்டும் வரையும் போதும். ஜூனில் சென்னையில் ஆறரை வரை வெளிச்சம் இருக்கிறது. தொப்பி போட்டாலும் நிழலில் நின்றாலும் அறையைவிடப் பல மடங்கு வெளிச்சம் கண்ணுக்குக் கிடைக்கும், எனவே இரண்டையும் தாராளமாகப் பயன்படுத்துங்கள். சூரியனை நேராகப் பார்க்க மட்டும் விடாதீர்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு அரை டம்ளர் தண்ணீர் கொடுங்கள். தலைவலி, குமட்டல் என்றால் உடனே நிழலுக்கு.

மொட்டை மாடியை நம்பியிருப்பவர்கள் கைப்பிடிச் சுவரை முதலில் பாருங்கள். சுவர் பிள்ளையின் நெஞ்சுக்கு மேலே இருக்க வேண்டும், ஏறி நிற்கத் தோதாகச் செங்கல், பூந்தொட்டி, தண்ணீர்க் குழாய் எதுவும் அதை ஒட்டி இருக்கக் கூடாது. கழுத்து உயரத்தில் ஓடும் துணிக்கொடியை அவிழ்த்துவிடுங்கள். காத்தாடியை மட்டும் மாடியில் விடவே வேண்டாம். விடுகிறவர் வானத்தைப் பார்த்தபடி பின்னால் நடப்பார்.

கண்ணாடி வருவதற்கு முந்தைய வயதில்தான் வெளிச்சத்தின் பலன் மிக அதிகம். கிட்டப்பார்வை வந்த பிறகு அது ஏறுவதைத் தடுப்பதில் வெளிவிளையாட்டுக்கு உள்ள பங்கு குறைவு. அப்போது குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்து, விசேஷ லென்ஸ்கள் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். அதனால் ஐந்து முதல் ஒன்பது வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள். அம்மா அப்பா இருவரும் கண்ணாடி போட்டவர்கள் என்றால் இன்னும் கவனம் வேண்டும். சொட்டு மருந்து போட்டுக் கண்ணின் பாப்பாவை விரித்துச் செய்யும் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். மருந்து போடாமல் பார்த்தால் பிள்ளையின் கண் இறுகி, மைனஸ் கூடுதலாகக் காட்டக்கூடும். ஆறு வயதில் அந்தக் காகிதத்தில் +0.75க்குக் கீழே இருந்தால், இன்று பார்வை முழுதாகத் தெரிந்தாலும், கிட்டப்பார்வை வாசலில் நிற்கிறது என்று பொருள். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். பத்து அடி தள்ளி நிற்கவைத்து ஒவ்வொரு கண்ணாக மூடி, தினசரி காலண்டரில் தேதிக்குக் கீழே உள்ள எழுத்துகளைப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு கண் நன்றாகத் தெரிந்தால் இன்னொன்றின் குறை வருடக்கணக்கில் மறைந்தே இருக்கும்.

கண்ணாடி போட்டால் பவர் ஏறும் என்று சொல்லிக் கண்ணாடியைப் பீரோவில் வைக்கும் வீடுகள் இன்னும் நிறைய. அப்படி ஏறுவதில்லை. கேரட்டும் பொன்னாங்கண்ணியும் வைட்டமின் ஏ தரும், மாலைக்கண்ணைத் தடுக்கும். கண்பந்து நீள்வதை அவை தடுக்காது.

வெளியே விளையாடினால் அடிபடாதா என்ற கேள்விக்கும் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். படும். கில்லியின் இரு முனையும் கூர். எதிரே நிற்கும் பிள்ளையின் கண்ணில் பட்டால் கருவிழி கிழியும். துடைப்பக் குச்சியில் செய்த வில் அம்பும் அப்படித்தான். வேடிக்கை பார்க்கும் சின்னவர்களை, கில்லி அடிப்பவருக்குப் பின்னால் நிறுத்துங்கள். அம்பு விளையாட்டை அடியோடு நிறுத்துங்கள். கண்ணில் குத்தியிருந்தால் தேய்க்காதீர்கள், அழுத்திக் கட்டாதீர்கள், எதுவும் ஊற்றாதீர்கள், செருகியிருப்பதைப் பிடுங்காதீர்கள். ஒரு பேப்பர் கப்பைக் கவிழ்த்து, கண்ணைத் தொடாமல் மூடி, சாப்பிட எதுவும் கொடுக்காமல் கண் மருத்துவமனைக்குப் போங்கள். மயக்க மருந்து தேவைப்படலாம். வெற்றிலைச் சுண்ணாம்புப் பொட்டலத்தைப் பிதுக்கி விளையாடும்போது கண்ணில் தெறித்தால் முறை நேர்மாறு. ஒரு நொடியும் தாமதிக்காமல் இமையை விரித்துப் பிடித்துக் குழாய்த் தண்ணீரில் குறைந்தது இருபது நிமிடம் கழுவ வேண்டும். மருத்துவமனைக்கு அதன் பிறகுதான்.

பள்ளியிடம் கேட்க வேண்டியதும் உண்டு. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க் பற்றிப் பேசும் முன் மூன்றைக் கேளுங்கள்: இடைவேளையில் வகுப்பறைக் கதவைச் சாத்தி எல்லாப் பிள்ளைகளையும் வெளியே அனுப்புகிறீர்களா, வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைக்குத் தண்டனையாக விளையாட்டு நேரத்தைப் பிடுங்குகிறீர்களா, பி.டி. பீரியடில் கணக்கு நடக்கிறதா.