சுருள்பாசியின் நீலம் எங்கே போகிறது?

சுருள்பாசி, அதாவது சத்துணவாகப் பவுடராக விற்கப்படும் ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசியை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது "புரோட்டீன் எத்தனை சதவீதம்?" என்றுதான். நியாயமான கேள்விதான், உலர்ந்த பாசியின் எடையில் 55 முதல் 70 சதவீதம் வரை புரதம் இருக்கும். ஆனால் பாசியிலிருந்து நிறமியைப் பிரித்தெடுக்கும் வேலையில் இருக்கிற நான் கேட்கச் சொல்வது வேறு: எப்படிக் காயவைத்தீர்கள், எப்போது பேக் செய்தீர்கள்? புரதமும் இரும்புச்சத்தும் அவ்வளவு சீக்கிரம் காணாமல் போகாது. போவது பைகோசயனின் என்ற நீல நிறமியும், உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டின் என்ற நிறமியும். கூடுதல் விலை கொடுத்து வாங்குவது இவற்றை நம்பித்தானே?

பைகோசயனின் என்பது புரதத்தோடு ஒட்டிய நிறமி. தண்ணீரில் கரைந்த நிலையில் அமிலத்தன்மை பி.ஹெச். 5.5 முதல் 6 வரையிலும், வெப்பம் 45 டிகிரிக்குள்ளும், வெளிச்சம் படாமலும் இருந்தால் நன்றாகத் தாங்கும். அதற்கு மேல் சூடு ஏறினால் புரதத்தின் மடிப்பு அவிழ்ந்து நீலம் வெளுத்துவிடும், பிறகு குளிரவைத்தாலும் திரும்பி வராது. பீட்டா கரோட்டினுக்கு எதிரி காற்றும் வெயிலும். ஒரே பாசிக்குள் இருக்கிற இரண்டு பொருள், இரண்டும் வெவ்வேறு வழியில் கெடுகின்றன.

நம் ஊரில் இந்தப் பாசிக்கு நல்ல அனுபவம் இருக்கிறது. சென்னை முருகப்பா செட்டியார் ஆராய்ச்சி மையத்தில் விஞ்ஞானி சி.வி. சேஷாத்ரி காலத்திலேயே கிராமங்களில் வளர்க்கும் முயற்சிகள் நடந்தன, இன்று புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் பெரிய பண்ணை இருக்கிறது, ஆரோவில்லில் சிறிய பண்ணை இருக்கிறது. வளர்ப்பது பெரும்பாலும் கைவந்த விஷயம்தான். கோட்டை விடுவது அறுவடைக்குப் பிறகு. துணியில் வடிகட்டி, வளர்ப்புத் தண்ணீரின் சோடா உப்பு போகக் கழுவி, பிழிந்தெடுத்த பாசியில் பெரும்பகுதி இன்னும் தண்ணீர்தான். நம் வெயிலில் அது சில மணி நேரத்திலேயே நாற ஆரம்பித்துவிடும். அதனால்தான் இடியாப்பம் மாதிரி மெல்லிய இழைகளாகப் பிழிந்து உடனே உலர்த்துகிறார்கள். இழை தடியாக இருந்தால் வெளியே காய்ந்து உள்ளே ஈரமாகவே வெகுநேரம் கிடக்கும். ஈரத்தோடு இருக்கும்போது படுகிற சூடுதான் நீலத்தை அதிகம் கெடுக்கும், காய்ந்த பிறகு அதே சூட்டை ஓரளவு தாங்கிக்கொள்ளும்.

இதனால் ஒரு தப்பான எண்ணத்தையும் சொல்லியாக வேண்டும். ஸ்பிரே டிரையரில், அதாவது பாசிக் கரைசலைத் துளிகளாகத் தெளித்துச் சூடான காற்றில் உலர்த்தும் இயந்திரத்தில், 180 டிகிரி காற்று அடிக்கிறார்கள், எல்லாம் செத்துவிடும், வெயிலில் காயவைத்ததே இயற்கை என்று பலர் நம்புகிறார்கள். ஸ்பிரே டிரையரில் ஒவ்வொரு துளியும் சில விநாடிகளில் காய்ந்துவிடுகிறது, ஆவியாகும் தண்ணீரே துளியைக் குளிர்ச்சியாக வைத்திருக்கிறது. நேரடி வெயிலில் நாள் முழுக்க விரித்துப் போட்ட பாசிதான் நிறமியை அதிகம் இழக்கும். மூடிய சோலார் டிரையரில், நேர் வெளிச்சம் படாமல், நல்ல காற்றோட்டத்தோடு உலர்த்துகிற சின்ன யூனிட்டுகள் செய்வது சரியான வேலை, அவர்களை ஆதரியுங்கள்.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி: கண்ணாடி டம்ளரில் குளிர்ந்த தண்ணீர் எடுத்து, ஒரு சிட்டிகை பவுடரைத் தூவி, கலக்காமல் சில மணி நேரம் விடுங்கள். நல்ல பவுடரானால் நீலம் இறங்கிப் பரவும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் லேசாகச் செம்மை மினுங்கும், அது பைகோசயனினின் அடையாளம். பழுப்பாகவோ மங்கிய பச்சையாகவோ மட்டும் இறங்கினால் நிறமி பெரும்பாலும் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். சாயம் சேர்த்திருப்பார்களோ என்று சந்தேகம் வந்தால் அந்த நீலத் தண்ணீரைக் கொதிக்கவிடுங்கள், உண்மையான பைகோசயனின் வெளுக்கும். ஆய்வகத்தில் நாங்கள் நீல நிறமிக்கு 620, மொத்தப் புரதத்துக்கு 280 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளந்து, முதலாவதை இரண்டாவதால் வகுத்து விகிதம் பார்க்கிறோம், 0.7க்கு மேல் இருந்தால் உணவுத் தரம் என்பது வழக்கம்.

சப்பாத்தி மாவிலும் கொதிக்கும் பாலிலும் போட்டுச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சாப்பிடலாம், புரதமும் இரும்பும் அப்படியே கிடைக்கும், ஆனால் நீலத்துக்காகக் கொடுத்த காசு அடுப்பிலேயே போய்விடும். அந்த நீலத்தைப் பற்றிச் சொல்லப்படும் நோய் தீர்க்கும் பெருமைகளில் நிறைய, சோதனைக் குழாயிலும் எலிகளிலும் பார்த்தவை. இதைச் சொன்னால் விற்பனையாளர்களுக்குக் கோபம் வருகிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் நிறுத்திவிட்டு இதை நம்பாதீர்கள்.

வைட்டமின் பி12 விஷயம் இன்னும் முக்கியம். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களிடம் "பி12 நிறைந்தது" என்று சொல்லி விற்கிறார்கள். சுருள்பாசியில் இருப்பது பெரும்பாலும் போலி பி12, நம் உடம்புக்குப் பயன்படாது. குறைபாடு இருந்தால் டாக்டர் கொடுக்கிற ஊசியோ மாத்திரையோதான் வழி.

வாங்கும்போது வெளிச்சமும் ஈரமும் புகாத பேக்கிங்காகப் பாருங்கள், பேக் செய்த தேதி பாருங்கள், ஒரு மாதத்தில் தீர்கிற அளவு மட்டும் வாங்குங்கள். கண்ணாடி ஜாடியில் போட்டு அடுப்பு மேடையில் வைக்க வேண்டாம், ஈரக் கரண்டி போட வேண்டாம். நச்சுப்பாசி கலப்பு, கன உலோகம் இரண்டுக்கும் பரிசோதனை அறிக்கை கேளுங்கள். திறந்த குளத்தில் வேறு பாசி கலந்தால் மைக்ரோசிஸ்டின் என்ற ஈரலைப் பாதிக்கும் நஞ்சு வரக்கூடும், அது கண்ணுக்குத் தெரியாது. ஃபீனைல்கீட்டோனூரியா, அதாவது புரதத்தில் இருக்கிற ஃபீனைல்அலனின் என்ற பொருளை உடம்பு சரியாகக் கையாள முடியாத பிறவி நோய், உள்ள குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. தன்னெதிர்ப்பு நோய் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய்) உள்ளவர்களும், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும் டாக்டரிடம் கேட்டுவிட்டு அப்புறம் தொடங்குங்கள்.